ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைல்

சூரியனுக்கும் பூமிக்கும் இடையே உள்ள தூரம் என்ன என்பது பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வி. ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் ஒரு நிமிடம் நின்றதாக எனக்கு நினைவில்லை. நானும் நின்றதில்லை.

கல்லூரியில் படிக்கும்போது நண்பன் ஒருவன் பிரமிளின் கவிதைகளைக் கையில் திணித்தான். திருகோணமலையில் பிறந்து தமிழகத்தில் வாழ்ந்து மறைந்த பிரமிள், ஐன்ஸ்டீனின் புகழ்பெற்ற சமன்பாட்டையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார். வெட்டவெளியில் குருட்டு விழியாய் வழி தேடிப் போகிறது சூரியன். எங்கே போகிறது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைல் தூரத்தில், ஒரு உலகத்துளியின் இமாலயப் பிதுக்கத்தில் இருந்துகொண்டு, இளைத்துப்போன தன் நெஞ்சைத் தொட்டு "இங்கே" என்கிறான் சிவன். அந்தக் கவிதை அங்கிருந்து கிளம்பி காலம், வெளி, ஒளியின் வேகம் என்று ஏறி ஹிரோஷிமா வரைக்கும் போகிறது.

என்னை நிறுத்தியது அந்தத் தூரம்தான். ஒன்பது கோடியே முப்பது லட்சம் மைல். அதே ஒரு மதிப்பெண் விடை, மைல் கணக்கில். இன்னொரு கவிஞர் "எட்டாத தொலைவில்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். யாப்பிலும் அது சுகமாக உட்கார்ந்திருக்கும். பிரமிள் அறிவியல் நூலில் கண்ட எண்ணை மழுங்கடிக்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்தார். அதனால்தான் அந்த "இங்கே" என்ற ஒற்றைச் சொல் அவ்வளவு பாரம் தாங்குகிறது. தொலைவு துல்லியமாக இருக்கும்போதுதான் நெருக்கமும் உறைக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கவிதையில் பிரபஞ்சத்தைப் பற்றி ஒரு எண்ணோ தகவலோ வந்தால், அது எங்கிருந்து வந்தது, யார் அளந்தார்கள் என்று தேடிப் போவேன். இந்த எண்ணைத் தேடிப் போனபோது நான் எதிர்பாராத ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தேன். புதுச்சேரி.

கதை ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலியிடம் தொடங்குகிறது. கோள்கள் சூரியனிலிருந்து எந்த விகிதத்தில் தள்ளி இருக்கின்றன என்பது கெப்ளரின் விதிப்படி அப்போதே தெரியும். பூமியைவிட வியாழன் ஐந்து மடங்கு தள்ளி இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் எதிலிருந்து ஐந்து மடங்கு? ஒரே ஒரு தூரம் மைலில் தெரிந்துவிட்டால் மொத்தக் குடும்பத்தின் அளவும் தெரிந்துவிடும். அந்த ஒன்றுதான் பிடிபடவில்லை. வெள்ளிக் கோள் சூரியனின் முகத்துக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்துபோகும் அரிய நாளில், பூமியின் வெவ்வேறு மூலைகளில் நின்று அது கடக்கும் நேரத்தை அளந்தால், அந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று 1716-இல் ஹாலி எழுதினார். அடுத்த கடப்பு 1761-இல். அப்போது தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். பின்னால் வரப்போகிற வானியலாளர்கள் இதைத் தவறவிட்டுவிடக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டு, 1742-இல் இறந்துபோனார்.

அவர் சொன்னதைக் கேட்டுக் கப்பலேறியவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரரான லெ ஜென்டீல். அவருக்குக் குறித்த இடம் புதுச்சேரி. அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துவிட்டார்கள், கரையிறங்க முடியவில்லை. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலின் தளத்தில் நின்று பார்த்தார். அந்த நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. ஊருக்குத் திரும்பாமல் இந்துமாக்கடல் பகுதியிலேயே தங்கிவிட்டார். 1768-இல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது வந்து, இடிந்துகிடந்த கோட்டையின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். காத்திருந்த நாட்களில் இங்கிருந்த தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று எழுதியும் வைத்தார். 1769 ஜூன் 4 விடிந்தது. சூரியன் எழும் திசையில் மேகம். கடப்பு முடிந்த பிறகுதான் வெயில் வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி சொத்தைப் பங்கு பிரிக்க வாரிசுகள் தயாராக இருந்தார்கள்.

இந்த மனிதரைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும். அவர் அளவு எதுவும் கணக்கில் சேரவில்லை. மற்றவர்கள் எடுத்த அளவுகளிலிருந்து பிற்பாடு ஒன்பது கோடியே ஐம்பது லட்சம் மைல் என்று ஒரு விடை வந்து நெடுங்காலம் நிலைத்தது. அதுவும் சரியில்லை என்ற சந்தேகம் வளர்ந்து, 1874 டிசம்பரில் வெள்ளி மறுபடி கடந்தபோது உலகமெங்கும் தொலைநோக்கிகள் காத்திருந்தன. அந்தச் சமயத்தில், சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, இந்தக் கடப்பு என்றால் என்ன, அதை ஏன் அளக்க வேண்டும் என்று பொதுமக்களுக்கு விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இலேயே கண்டறிந்தவர் அவர். கடைசியில் எண் ஒன்பது கோடியே முப்பது லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. பிரமிள் கையில் கிடைத்தது அந்த எண். கப்பல், போர், மேகம், பிழை எல்லாம் கடந்து வந்த எண்.

பிரமிளுக்கு இந்தப் பின்கதை தெரியுமா என்பது இங்கே முக்கியமில்லை. அளந்து பெற்ற எண் ஒன்றுக்குத் தனியான கனம் இருக்கிறது, நல்ல கவிஞருக்கு அது கையில் தட்டுப்படுகிறது. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

ஹாலியின் பெயர் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது வால்மீனால்தான். 1705-இல் அதன் பாதையைக் கணக்கிட்டு, திரும்பி வரும் என்று சொன்னவர், அது 1758-இல் வந்தபோதும் இல்லை. அதற்குப் பின் இன்னொரு முறை வந்துபோய், 1910-இல் மறுபடி வந்தது. அப்போது புதுச்சேரியில் இன்னொருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாரதி புதுச்சேரிக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அரவிந்தர் அந்த ஏப்ரலில்தான் வந்து இறங்கியிருந்தார். பாரதியைக் கவிஞராகவே நினைத்து நினைத்து, அவர் பிழைப்புக்குச் செய்தது பத்திரிகை வேலை என்பதை மறந்துவிடுகிறோம். 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்ததிலிருந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய அன்றாடம். வால்மீன் பற்றி அந்த ஆண்டு உலகப் பத்திரிகைகளில் வந்த செய்திகள் கொஞ்சநஞ்சமில்லை. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் சயனோஜென் என்ற நச்சு வாயு இருப்பது தெரிந்தது. மே மாதம் பூமி அந்த வாலுக்குள் புகுந்து வரப்போகிறது என்ற கணக்கும் வந்தது. பல நாடுகளில் பீதி. அமெரிக்காவில் வால்மீன் மாத்திரை என்று விற்றுக் காசு பார்த்தார்கள். வால் அவ்வளவு மெல்லியது, எதுவும் ஆகாது என்று வானியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பாரதியின் "சாதாரண வருஷத்துத் தூமகேது" என்ற பாடலைப் படித்துப் பாருங்கள். தூமகேது என்றால் வால்மீன். சாதாரண என்பது தமிழ் ஆண்டு ஒன்றின் பெயர், அது 1910 சித்திரையில் பிறந்தது. பாடல் இப்படித் தொடங்குகிறது:

"தினையின் மீது பனைநின் றாங்கு
மணிச்சிறு மீன்மிசை வளர்வால் ஒளிதரக்
கீழ்த்திசை வெள்ளியைக் கேண்மைகொண் டிலகும்
தூமகேதுச் சுடரே, வாராய்!"

கீழ்த்திசையில் வெள்ளியோடு சேர்ந்து நிற்கிறது என்பது கண்ணால் பார்த்த செய்தி. 1910 மே மாதத்தின் முதல் பாதியில் விடியலுக்கு முன் வால்மீனும் வெள்ளியும் கிழக்கில் ஒன்றாகத் தெரிந்தன. மே 13 அன்று அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் எடுத்த படத்தில் இரண்டும் இருக்கின்றன. தினையும் பனையும் குறள் வழியாக நமக்குப் பழகிய ஜோடி. அங்கே நன்றியின் அளவு, இங்கே தலைக்கும் வாலுக்கும் உள்ள விகிதம். 1986-இல் ஜியோட்டோ விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அந்தத் தலைக்குள் இருக்கும் கரு சுமார் 15 கிலோமீட்டர் நீளம் என்று தெரிந்தது. பாரதி பாடிய அந்த மே மாதத்தில் அதன் வால் கோடிக்கணக்கான கிலோமீட்டர். தினை மேல் நின்ற பனையும் உண்மைக்குக் குறைவுதான்.

அடுத்து வருகிற வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்:

"எண்ணில்பல் கோடி யோசனை யெல்லை
எண்ணிலா மென்மை இயன்றதோர் வாயுவால்
புனைந்தநின் நெடுவால் போவதென் கின்றார்.
மண்ணகத் தினையும் வால்கொடு தீண்டி
ஏழையர்க் கேதும் இடர்செயா தேநீ
போதி யென்கின்றார்"

யோசனை என்பது பழைய தூர அளவு. வால் வாயுவால் ஆனது, அந்த வாயு எண்ணிப் பார்க்க முடியாத அளவு மென்மையானது, பூமியைத் தொடும், ஆனால் தீங்கு செய்யாது. அந்த மாதத்து வானியல் செய்தி முழுசும் ஆறு வரியில் ஆசிரியப்பாவாக இருக்கிறது. ஒரு சொல் பிசகவில்லை. "ஏழையர்க்கு" என்பது மட்டும் எந்த விஞ்ஞானியும் சொல்லாதது. அது பாரதியின் சேர்க்கை.

அப்புறம் பாடல் வேறு திசையில் திரும்புகிறது. தீயவர்களுக்குத் தீமை விளைப்பாய் என்கிறார்கள், உலகைப் புனிதமாக்கத்தான் தண்டிக்கிறாய் என்கிறார்கள், உன் வரவால் எங்களிடம் ஞானம் மீண்டும் பிறக்கும் என்கிறார்கள். இந்த ஒவ்வொன்றுக்கும் பிறகு வால்மீனையே பார்த்துக் கேட்கிறார்: மெய்யோ, பொய்யோ? வாயு பற்றியும் வால் பற்றியும் அறிஞர் சொன்னதற்கு இந்தக் கேள்வி இல்லை. நம்பிக்கையாகவும் அச்சமாகவும் ஊரில் உலவியவற்றுக்கு மட்டும் இருக்கிறது. அந்த நம்பிக்கைகளில் சில அவருக்கே பிடித்தவை, நிஜமாகிவிடாதா என்று அவர் ஏங்கியவை. அவற்றையும் கேள்விக்கு வெளியே விடவில்லை. அறிவியல் எழுத்தைப் படித்த ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வரவு இதுதான் என்று நினைக்கிறேன். புது உவமைகள் கிடைப்பது இரண்டாம் பட்சம்.

நடுவில் ஒரு வலி இருக்கிறது. எங்கள் நூல்களையெல்லாம் மறந்து பல நூறு ஆண்டாயிற்று, "உனதியல் அன்னியர் உரைத்திடக் கேட்டே தெரிந்தனம், எம்முளே தெளிந்தவர் ஈங்கிலை" என்கிறார். முப்பது ஆண்டு முன்னால் மறைந்த ரகுநாதாச்சாரியை அவர் அறிந்திருந்தால் இந்த வரி கொஞ்சம் மாறியிருக்குமோ என்று தோன்றும். ஆனாலும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது, அவர்கள் இப்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள் என்று அவர் பாடவில்லை. இன்று அப்படிச் சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. திருவாசகத்தில் ஒரு அகவல் கிடைத்தால் போதும், பெருவெடிப்பு அதில் இருக்கிறது என்று சுற்றுக்கு விட்டுவிடுகிறார்கள். மாணிக்கவாசகருக்கும் அதில் பெருமை சேரவில்லை, அளந்து பார்த்து உயிர்விட்டவர்களுக்கும் மரியாதை இல்லை.

சங்கப் புலவர்கள் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். புறநானூற்றின் முப்பதாம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் பாதை, அதன் இயக்கம், காற்று திரியும் திசை, எதன் மேலும் நிற்காமல் நிற்கும் வானம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, இவற்றை நேரில் "சென்றளந்து அறிந்தார் போல" இவ்வளவு என்று கூறுவோரும் இருக்கிறார்கள் என்கிறார். அவர்களாலும் சோழன் நலங்கிள்ளியின் அடக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் வலிமையை அளக்க முடியாது என்று பாட்டு போகும். போகாமலே அளந்து சொல்லும் மனிதர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், புலவர் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். வானத்தை அவரே அளந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பாரதியிடம் இன்னொரு இடமும் உண்டு. மகாசக்தி வாழ்த்தில் அண்டகோடிகளை வானில் அமைத்தாய், அவற்றில் எண்ணற்ற வேகம் சமைத்தாய் என்று சொல்லி வருகிறவர், அவற்றுக்கு இடையில் உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில், "மண்டலத்தை அணுவணு வாக்கினால் வருவ தெத்தனை அத்தனை யோசனை" என்கிறார். பூமியை அணு அணுவாக உடைத்தால் எத்தனை வருமோ அத்தனை யோசனை தூரம். எனக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை வந்தது. பூமியில் உள்ள அணுக்கள் ஒன்றுக்குப் பின் 50 பூஜ்யம் போட்டால் வருகிற எண்ணை ஒட்டியவை. நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதையும் குறுக்கே அளந்தால் 9,300 கோடி ஒளியாண்டு, கிலோமீட்டரில் 24 இலக்க எண். யோசனைக்கு எந்தக் கணக்கு வைத்துக்கொண்டாலும் பாரதியின் தூரம் பிரபஞ்சத்தைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது. போகட்டும். "எண்ணிலடங்காத" என்று சொல்லாமல், எண்ண ஒரு வழி சொல்லி அந்த வழியில் நம்மைத் திணறவைக்கிறார். இது அளப்பவர்களிடமிருந்து கற்ற முறை.

எண்கள் கவிதையைக் கொன்றுவிடும் என்று நினைத்த பெரிய கவிஞர்கள் இருக்கிறார்கள், தெரியும். வால்ட் விட்மன் 1865-இல் எழுதிய ஒரு சிறு கவிதையில், வானியலாளர் ஒருவரின் உரையில் அட்டவணைகளும் எண்களும் அலுத்துப்போய் வெளியே வந்து, ஈரமான இரவுக் காற்றில் நின்று விண்மீன்களைப் பேசாமல் பார்க்கிறார். விட்மனை எனக்கு மிகவும் பிடிக்கும், இந்தக் கவிதையோடு மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் தெரிவது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சூரியன் என்பதை அந்த அரங்கத்துக்குள் இருந்தவர்தான் சொல்லியிருப்பார்.

கீட்ஸ் இரண்டு பக்கமும் நின்றவர். வானவில்லை விளக்கியே பாழாக்கிவிட்டார்கள் என்று 1819-இல் வருந்தியவரும் அவர்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், ஹோமரின் காவியத்தை சாப்மன் மொழிபெயர்ப்பில் ஓர் இரவு முழுக்கப் படித்துவிட்டு, விடிகாலையில் வீடு திரும்பி எழுதிய கவிதையில், தன் நிலையைப் புதிய கோள் ஒன்று பார்வைக்குள் நீந்தி வரக் கண்ட வானோக்கி என்று சொன்னவரும் அவர்தான். அப்படி ஒன்று நிஜமாக நடந்திருந்தது. 1781 மார்ச்சில் இங்கிலாந்தின் பாத் நகரில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டறிந்தார். கீட்ஸ் அதை அறிந்தது எப்படி? பான்னிகாசில் என்பவர் மாணவருக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதிய வானியல் நூல் ஒன்று, 1811-இல் அவருக்குப் பள்ளிப் பரிசாகக் கிடைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பரிசுப் புத்தகத்திலிருந்து ஆங்கிலக் கவிதையின் மறக்க முடியாத ஒரு வரி. நம் பள்ளிகளில் பரிசாகத் தரும் புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

கவிஞரும் அளப்பவரும் ஒரே ஆளாக இருந்த நிகழ்வும் உண்டு. கனடாவில் பிறந்த ரெபெக்கா எல்சன், கேம்பிரிட்ஜில் ஹபிள் தொலைநோக்கியின் படங்களை வைத்து விண்மீன் கூட்டங்களையும் இருண்ட பொருளையும் ஆராய்ந்தவர். 29 வயதில் புற்றுநோய் வந்தது. 1999-இல், 39 வயதில் இறந்தார். கவிதைகள் அதன் பிறகுதான் நூலாக வந்தன. மரண பயத்துக்கு மாற்றாகச் சில நேரம் விண்மீன்களைத் தின்கிறேன் என்று ஒரு கவிதை தொடங்கும். இன்னும் சில நேரம், இளமையாக, ரத்தம்போல வெதுவெதுப்பாக இருந்த பிரபஞ்சத்துக்குள், விண்மீன்களே பிறந்திராத காலத்துக்குள், தன்னைக் கலந்துகொள்கிறார். அப்படி ஒரு காலம் நிஜமாக இருந்தது என்று அவருக்குத் தெரியும், அதுதான் அவர் துறை. படிக்கிற எனக்கும் அது நிஜமாக இருந்தது என்று தெரிவதால்தான் அந்த ஆறுதல் ஆறுதலாகிறது. கற்பனைச் சொர்க்கம் ஒன்றை அவர் சொல்லியிருந்தால் கண் கலங்கியிருக்கும், மனம் நம்பியிருக்காது.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் லைகோ என்ற ஆய்வுக்கூடத்தின் இரண்டு மையங்கள், வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலையை முதன்முதலாக உணர்ந்தன. சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றானபோது எழுந்த அலை. அதனால் அங்குள்ள நான்கு கிலோமீட்டர் குழாய்களுக்குள் நீளத்தில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறியது. அதை அளந்திருக்கிறார்கள். செய்தி வந்த நாளில் தமிழில் நான் படித்தவற்றில் ஐன்ஸ்டீன் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று இருந்தது, நோபல் பரிசு கிடைக்கலாம் என்று இருந்தது. எப்படி அளந்தார்கள் என்பது ஒரு வரிகூட இல்லை. எத்தனை பத்தாண்டு காத்திருந்தார்கள், லாரி போனால் குலுங்கும் தரையில் எப்படி அந்த நுண்ணிய அசைவைப் பிரித்தெடுத்தார்கள் என்று எதுவுமில்லை. கவிஞருக்குத் தீனி அங்கேதான் இருக்கிறது. லெ ஜென்டீலின் மேகத்தைச் சொல்லாமல் 15 கோடி கிலோமீட்டர் என்று மட்டும் சொன்ன என் பாடப்புத்தகம் செய்ததும் அதுதான்.

தமிழில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. பெ.நா. அப்புசாமி நூறாண்டுக்கு முன்பே அறிவியலைத் தமிழில் எழுதத் தொடங்கி, வாழ்நாள் முழுக்க எழுதியவர். தமிழ்ச் செய்யுள்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். ஒரே மேசையில் இரண்டு வேலையும் நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோவின் இந்திய மையம் வரப்போகிறது. அங்கிருந்து முதல் செய்தி வரும் நாளில் அதைத் தமிழில் எழுதப்போகிறவர், எவ்வளவு என்பதோடு எப்படி அளந்தார்கள் என்பதையும் இரண்டு பத்தி கூட்டி எழுத வேண்டும். அதைப் படிக்க இங்கே கவிஞர்கள் இருக்கிறார்கள்.